முன்பக்கம் இல்லாத பெட்டி

வியாழன் மாலைகளில், டான்யூப் ஓரம்,
ரூசே நகரப் பூங்காவில்
கைகோத்து வட்டமாய் ஹோரோ ஆடுகிறவர்கள் நாங்கள்.
இருபத்தாறு பேர். மழை என்றால் ஒன்பது.

பழைய பெட்டிக்கு ஒரு முகம்தான்.
குடியிருப்புக்காரர்கள் புகார் தருவார்கள் என்று
அந்த முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பி வைப்போம்.
எதிரே வரும்போது கிளாரினெட் கேட்கும்.
பின்னால் போனால் மேளம் மட்டும்,
அடுத்த தெருக் கல்யாணம் போல.
அரைவட்டம் பாட்டுக்கு ஆடினோம்,
அரைவட்டம் ஞாபகத்துக்கு.
மார்ச்சில் அதுவும் கரகரத்து அடங்கியது.
ஷிவ்கோ தொப்பியைக் கழற்றினான்,
கேலிக்குத்தான்.

கணக்கு என் பொறுப்பு.
அல்வா டப்பாவில் சேர்த்த பணம்
(யாருக்கும் அல்வா கொடுக்கவில்லை,
சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்).

கடையில் மூன்று இருந்தன.
ஒன்று சோப்புப் பெட்டி அளவு,
தொண்டையும் அதே அளவு.
ஒன்றில் ஊதாவும் பச்சையுமாய் விளக்குகள் ஓடின.
பாட்டைவிட விளக்குதான் சத்தம்.
மூன்றாவது குட்டை, துணி போர்த்தது,
உப்பு ஜாடி மாதிரி.
எங்கே முகம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
"முகமே கிடையாது" என்றான் கலோயன்.
கழுத்து அட்டையில் அவன் படம் அவனைவிடச் சின்னப் பையன்.
"முந்நூற்று அறுபது பாகை. எங்கே நின்றாலும் ஒன்றுதான்."

கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுற்றி வந்தேன்.
ஸ்வெதெலினா எதிர்த் திசையில் சுற்றினாள்.
எங்கும் ஒரே மாதிரி.
ஆனால் அங்கே மற்ற இரண்டும்கூட
அப்படித்தான் கேட்டன.
அறைக்குள் சுவர்கள் பொய்சாட்சி சொல்லும்.
பூங்காவில் எங்களுக்கு ஏது சுவர்?

"வெளியே வைத்துக் கேட்கலாமா?"
"அனுமதி இல்லை."
கூரைக் கேமராவைப் பார்த்தான்,
மேலாளரின் காலி நாற்காலியைப் பார்த்தான்,
பிறகு மூன்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி
அவனே தள்ளிக்கொண்டு வந்தான்.
வாசல் கருவி கத்தித் தீர்த்தது.

கார் நிறுத்துமிடம். நல்ல காற்று.
ராச்செனிட்சா ஒன்று போட்டோம்.
ஏழு எண்ணிக்கை, கடைசிக் கால் நீளம்:
தக தக தகிட
தக தக தகிட
சோப்புப் பெட்டி நாலடியில் கரைந்தது.
விளக்குப் பெட்டி,
லாரிப் பக்கம் நின்ற ஸ்வெதெலினாவுக்கு
தக தக கொடுத்துவிட்டு
தகிட முழுவதையும் என்னிடமே கொட்டியது.
உப்பு ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு
எதிரெதிராய் நடந்தோம்,
பத்தடி, இருபதடி,
நடுவில் ஒரு குப்பைத்தொட்டி.
"கிளாரினெட்?" என்று கத்தினேன்.
"கிளாரினெட்!"
திரும்பினால், கலோயனின் வலது ஷூ
ஏழு எண்ணிக்கொண்டிருந்தது.
எந்த ஊர்க்காரன் என்று கேட்கவில்லை,
தள்ளுபடிதான் கேட்டேன்.
கிடைக்கவில்லை. ஒரு துணிப்பை கொடுத்தான்.

வியாழன்.
வட்டத்தின் நடுவில், புல்லின்மேல்,
யாருக்கும் முதுகு காட்டாமல் அது உட்கார்ந்தது.
மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.
திட்டு வரும் என்று தலையைக் குனிந்தே ஆடினேன்.
வரவில்லை. மூடவும் இல்லை.
ஷிவ்கோ அப்போதும் அரைக்கால் தாமதம்.
நாலு வருடமாய்ப் பெட்டியைப் பழி சொன்னவன்
"பழகிவிட்டது" என்றான்.

பென்கா ஆடுவதில்லை. முழங்கால்.
எங்கள் பைகளுக்கும் கோட்டுகளுக்கும் காவலாய்
விளக்குக் கம்பத்தடிப் பெஞ்சில் இருப்பாள்,
அதாவது பெட்டிக்குப் பின்னால்,
அதே நாலு வருடமும்.
முதல் பாட்டு முடிந்ததும் கேட்டாள்:
"நன்றாயிருக்கிறதே, புதிதா?"
"செவ்வாய்க்கிழமை வாங்கியது" என்று
ஸ்வெதெலினா ஜாடியைக் காட்டினாள்.
"பெட்டி இல்லை. பாட்டு."

நாங்கள் எப்போதும் முதலில் போடுகிற பாட்டு அது.
யாரும் சொல்லவில்லை.
ஷிவ்கோகூட.
வேறெதைப் போடுவது என்று தெரியாமல்
அதையே திரும்பப் போட்டேன்.
சுற்றி வரும்போது பார்த்தேன்,
அவள் மடியில் கோட்டுகளின் குவியல்,
எல்லாவற்றுக்கும் மேலே என்னுடையது.
அதன் காலிக் கையைப் பிடித்திருந்தாள்.
தக தக தகிட.